எரிமலை மேல் ஒரு கொட்டாவி

ட்ர்ர்ரிங்…! ட்ர்ர்ரிங்…!

பதுங்குகுழியின் இரும்புக் கதவு 'டமார்' என்று சாத்திக்கொண்ட அடுத்த நொடியே, சுவரில் இருந்த போன் அலறியது.

ஊசி பாய்ந்து எடுத்தாள். தலைமுடியில், புருவத்தில், மூக்குத் துவாரத்தில்கூடச் சாம்பல்.

"ஹலோ!"

"அடியேய்… உயிரோட இருக்கியா?"

அக்கா!

மலையடிவாரத்துக் கண்காணிப்பு நிலையத்தில், போன் மேஜையில் உட்கார்ந்திருக்கும் கூடப்பிறந்த அக்கா. வயிற்றில் ஆறு மாதம். எட்டு நாள் முன்புவரை பக்கத்தில் புருஷனும் இருந்தான்.

"இருக்கேன்க்கா! பதுங்குகுழிக்குள்ள வந்துட்டோம். அழாதே!"

"நானா அழறேன்? நீதான்டி அழறே! இங்கேருந்து பார்த்தா மலை உச்சியே தெரியலே. ஒரே கரும்புகை… கூட யாரு இருக்கா?"

"டைரக்டர் சார் இருக்காரு. அப்புறம் வெடிக்கார அண்ணன்."

மறுமுனையில் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அக்கா…?"

"போனைக் காதோட ஒட்டி வெச்சுக்கோ. முகத்துல எதையும் காட்டிக்காதே." அக்காவின் குரல் கிசுகிசுப்பாக மாறியது. "காலையில போலீஸ் வந்தாங்க. அவரோட உடம்புலேருந்து ஒரு துண்டு செம்புக் கம்பி எடுத்திருக்காங்களாம். எரிமலைக்கு ஏதுடி செம்புக் கம்பி?"

ஊசி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.

"நம்ம கிடங்கைத் திறந்து எண்ணிப் பார்த்தாங்க. பன்னெண்டு வெடிக்குச்சி குறையுது! அவரை மலை கொல்லலேடி… யாரோ வெடி வெச்சுக் கொன்னிருக்காங்க! ஊசி, அந்த வெடிக்காரன் பக்கத்துல மட்டும் நீ…"

கர்ர்ர்… கரக்…!

லைன் செத்துப் போனது.

ஊசி மெல்லத் திரும்பினாள்.

வெடிக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்!

*

பன்னிரண்டடிக்கு எட்டடி. அவ்வளவுதான் அந்த அறை.

ஜன்னல் கிடையாது. கூரையில் காற்றுக்கு ஒரு குழாய். சுவரில் கடிகாரம், இரண்டு முகமூடிகள், ஒரு ஹெல்மெட். மூலையில் தண்ணீர்த் தொட்டி. இன்னொரு மூலையில் காகிதம் சுற்றிய உருளை. மலை நடுங்கினால் அதன்மேல் ஒரு ஊசி ஆடி ஆடிக் கோடு கிழிக்கும்.

அந்தக் கோடுகளைப் படிப்பதுதான் அவள் உத்தியோகம். அதனால்தான் நிலையமே அவளை 'ஊசி' என்று கூப்பிட்டது. நாக்கும் அதே ரகம் என்பது வேறு விஷயம்!

ஆனால் இன்றைக்கு அந்த நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

படபடபடவென்று கூரைமேல் கற்கள் விழுந்தன. எலுமிச்சை அளவுக் கல், தேங்காய் அளவுக் கல்… நடுவில் ஒன்று விழுந்தபோது அறையே முனகியது. அது எந்த அளவோ, யார் கண்டது?

"என்ன சொன்னா அக்கா?" என்று கேட்டார் வெடிக்காரர்.

"ஜா… ஜாக்கிரதையா இருக்கச் சொன்னா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாண்ணே."

"உட்காரு. நின்னுக்கிட்டே இருந்தா மட்டும் மலை நின்னுடுமா?" கதவோரம் கிடந்த மரப்பெட்டியைக் கையால் காட்டினார்.

ஊசி உட்கார்ந்தாள். பெட்டியை மட்டும் நைஸாக டைரக்டர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு!

வெடிக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். வலது கையில் மூன்றே விரல்கள். மலைக்கடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க, ஆங்காங்கே குழி தோண்டிச் சின்னச் சின்னதாய் வெடி வைப்பது அவர் வேலை. மூன்று முறை விசில் அடிப்பார். மூன்றாவது விசிலுக்கு எல்லோரும் வாயை 'ஆ'வென்று திறந்துகொண்டு நிற்க வேண்டும். வாயை மூடியிருந்தால் வெடியின் அழுத்தம் காதைப் பதம் பார்த்துவிடும். கேட்காதவனை அசிங்கமாய்த் திட்டுவார். திட்டு வாங்கி வாங்கி, ரோட்டில் லாரி டயர் வெடித்தால்கூட நிலையத்து ஆட்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பது வழக்கமாகிவிட்டது.

இன்றைக்கு அவர் மடியில் ஒரு கான்வாஸ் பை. குழந்தையைப் போலக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பையில என்னண்ணே?"

"உனக்கெதுக்கு?"

"சும்மாதான் கேட்டேன்…"

"சும்மா எதையும் கேட்காதே."

பன்னிரண்டு குச்சி! ஊசியின் மண்டைக்குள் அந்த எண் டமாரம் அடித்தது. பைக்குள் இருப்பது அதுதானா? வெளியே நெருப்பு மழை, உள்ளே வெடிமருந்து… நடுவில் நானா?

அவள் தோளில் ஒரு கை விழுந்தது.

வீல் என்று கத்தப் போனாள்.

"நான்தாம்மா." டைரக்டர்! நாற்பது வருஷம் இந்த ஒரே மலையைப் பார்த்துப் பார்த்துத் தலை நரைத்தவர். "ஏன் இப்படி நடுங்கறே? இந்தச் சுவர் ரெண்டடிக் கனம். நான் நின்னு கட்டினது. ஒண்ணும் ஆகாது."

"சார்…" அவர் காதருகே குனிந்தாள். கூரைமேல் கல்மழைச் சத்தம் அவள் பேச்சை மறைத்தது. "கிடங்குல பன்னெண்டு குச்சி காணோமாம். அத்தான் உடம்புல செம்புக் கம்பி இருந்துச்சாம்."

டைரக்டரின் கண்கள் ஒருகணம் மூடித் திறந்தன.

"நான் பயந்தது சரியாப் போச்சு," என்று முணுமுணுத்தார். "அவரைக் கவனிச்சுக்கோ. பையை மடியை விட்டு இறக்கவே மாட்டேங்கறார் பார்த்தியா? என் பக்கத்துலேயே இரு. எதுவானாலும் என்னைத் தாண்டித்தான் உன்கிட்ட வரணும்."

தெய்வம் மாதிரி மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள் ஊசி. கண் கலங்கிவிட்டது.

*

காலையில் அவள் தனியாகத்தான் மலை ஏறுவதாக இருந்தாள்.

இந்தப் பதுங்குகுழிக்கு அறுபதடி மேலே பாறைக்குள் ஒரு குழி. அதற்குள் ஒரு பதிவுப் பெட்டி. மலையின் ஒவ்வொரு அசைவையும் ராப்பகலாய் எழுதி வைத்துக்கொள்ளும். அதிலிருந்து கீழே வரும் ஒயர் அத்தான் செத்த அன்று அறுந்துவிட்டது. மற்ற ஊசிகளின் அன்றைய காகிதங்களும் காணோம்; என்ன நடந்தது என்று சொல்ல அந்தப் பெட்டியை விட்டால் வேறு நாதியில்லை.

ஊரெல்லாம் ஒரே பேச்சுத்தான். 'பாதுகாப்புக் கயிறைத் தாண்டிப் போனான். மலை துப்பிடுச்சு. அவசரக்குடுக்கை!'

அத்தானா அவசரக்குடுக்கை? செருப்புப் போடக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிற அந்த மனுஷனா?

சாவதற்கு முதல் நாள் அவளிடம் சொன்னார். "ஊசி, இந்த ரெண்டு மாச நடுக்கத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாரேன். எல்லா இடத்து ஊசியும் மொதல்ல மேலதான் குதிக்குது."

"அதுக்கென்ன அத்தான்?"

"பாறை நழுவினா ஒரு இடத்துல மேல குதிக்கும், இன்னொரு இடத்துல கீழ இறங்கும். எல்லாமே மேல குதிச்சா… சரி, நாளைக்குப் பேசலாம்."

அந்த நாளை வரவே இல்லை. அக்காவிடம் இதைச் சொல்லும் தைரியமும் அவளுக்கு வரவில்லை. அன்றைக்கே காது கொடுத்துக் கேட்டிருந்தால் அத்தான் பிழைத்திருப்பாரோ என்று எட்டு ராத்திரியும் தூக்கமில்லை. அந்தப் பெட்டியைக் கொண்டுபோய் அக்கா முன்னால் வைக்கும்வரை தூக்கம் வரப்போவதும் இல்லை.

அதனால்தான் கிளம்பினாள். "உன்னைத் தனியா விடமாட்டேன்" என்று டைரக்டரும் கூட வந்தார். பாவம், முழங்கால் வலி. வழியில் மூன்று முறை உட்கார்ந்துவிட்டார்.

பதுங்குகுழியைத் தாண்டப் போகிற நேரத்தில் மலை இருமியது.

சாதாரண நடுக்கமில்லை. தரை பாய் மாதிரிச் சுருண்டது! உச்சியிலிருந்து கறுப்பாய் ஒரு தூண் வானத்தில் ஏறியது! இருவரும் ஓடினார்கள். கதவு உள்ளேயிருந்து திறந்தது. மூன்று விரல் கையொன்று ஊசியின் காலரைப் பிடித்து உள்ளே இழுத்தது.

அங்கே வெடிக்காரர் ஏன் இருந்தார்? எப்போது வந்தார்? யார் வரச் சொன்னது?

கேட்க நேரமில்லை. போன்தான் அடித்துவிட்டதே!

*

மணி பதினொன்று இருபத்தெட்டு.

வெடிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஊசியைப் பார்த்தார். பிறகு டைரக்டரைப் பார்த்தார். மறுபடி கடிகாரம்.

'எதுக்கு மணி பார்க்கறான் இந்த ஆளு?' ஊசி கதவைப் பார்த்தாள். கதவுக்கு நான்கு தப்படி. திறந்து ஓடினால் கல் மண்டையைப் பிளக்கும். உட்கார்ந்திருந்தால் இவன் பிளப்பான். நல்ல கதைதான்!

"சார்…"

"சொல்லும்மா."

"நாம உயிரோட கீழ போவோமா?"

"கட்டாயம் போவோம். நான் இருக்கேன் இல்லே?" டைரக்டர் கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "மதியத்துக்குள்ள மலை அடங்கிடும்."

வெடிக்காரரின் தாடை இறுகியது. பற்களைக் கடித்துக்கொண்டு, பையை இன்னும் இறுக்கி அணைத்தார். நெற்றியில் வேர்வை. கண்கள் மட்டும் இரண்டு பேரையும் மாறி மாறி மேய்ந்தன.

பதினொன்று இருபத்தொன்பது.

கல்மழை கொஞ்சம் குறைந்தது. அந்த அமைதி இன்னும் மோசமாக இருந்தது. டைரக்டர் சுவரில் சாய்ந்தார். வாயைப் பெரிதாகத் திறந்து நீளமாய் ஒரு கொட்டாவி விட்டார்.

பளாஆஆர்…!!!

ஊசி பெட்டியிலிருந்து எகிறித் தரையில் விழுந்தாள். தண்ணீர்த் தொட்டி கவிழ்ந்தது. சுவரிலிருந்து கடிகாரம் விழுந்து நொறுங்கியது. கூரைத் தூசி மூக்கை அடைத்தது.

பதினொன்று முப்பது!

காதுக்குள் கொய்ங்ங்ங்…

"என்னாச்சு?" கத்தினாள். தன் குரலே கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"என்னாது?" வெடிக்காரரும் காதைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

டைரக்டர் நிதானமாக எழுந்து ஏதோ சொன்னார். உதடு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லுங்க சார்!"

"மலைதாம்மா வெடிச்சிருக்கு! பக்கத்துல!" என்று கத்தினார் அவர். "குழாயில காத்து வர்ற சத்தம் கேட்குது. அடைக்கலே. பயப்படாதே!"

ஊசிக்குக் குழாய்ச் சத்தமெல்லாம் கேட்கவில்லை. அவள் தடுமாறி எழுந்து உருளையைப் பிடித்துக்கொண்டாள். பழக்கதோஷம்! உலகமே அழிந்தாலும் முதலில் காகிதத்தைத்தான் பார்ப்பாள்.

மலையின் கையெழுத்து அவளுக்கு மனப்பாடம். குடிகாரன் கையெழுத்து அது. கோணல்மாணலாய் நீளமாய் இழுத்துக்கொண்டே போகும்.

இன்றைக்கும் அப்படித்தான் போயிருந்தது. நடுவில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஆணி அடித்த மாதிரி, நெட்டுக்குத்தலாய் மேலே ஒரு கோடு! ஒரு நொடி. அவ்வளவுதான்.

இது மலை இல்லை.

வெடி! மனுஷன் வைத்த வெடி! அதுவும் பதிவுப் பெட்டி இருக்கிற திசையில்!

எல்லா ஊசியும் மேலே… அத்தான் சொல்ல வந்தது இதைத்தானா? இரண்டு மாத நடுக்கமும் வெடிதானா?

ஊசி மெல்ல வெடிக்காரரைப் பார்த்தாள். அவர் காதைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கொய்ங்!

எனக்குக் காது அடைத்திருக்கிறது. முப்பது வருஷம் வெடி வைத்த இந்த ஆளுக்கும் அடைத்திருக்கிறது.

டைரக்டருக்கு மட்டும் ஏன் அடைக்கவில்லை?



அவள் இத்தனை நேரமும் தப்பான ஆளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்!

கத்தக்கூடாது. முகத்தில் காட்டக்கூடாது. எட்டடி அகல அறையில் எங்கே ஓடுவது? காது தெளியும்வரை காகிதத்தையே பார்ப்பது போல நின்றாள். ஆனால் நாக்கு அரித்தது. பிறவி நாக்கு, சும்மா இருக்குமா?

"சார்… நேத்து ராத்திரி சரியாத் தூங்கலையா?"

"நல்லாத்தானே தூங்கினேன். ஏம்மா கேட்கறே?"

"இல்லே… இவ்வளவு பயத்துல எனக்குத் தும்மல்கூட வரலே. உங்களுக்குக் கொட்டாவி வந்துச்சே!"

அறையில் ஈ பறந்தால் கேட்டிருக்கும். அந்த மலையில் ஈ ஏது?

டைரக்டரின் முகத்திலிருந்து தெய்வம் இறங்கிப் போனது.

"நானும் அதைத்தான் தங்கச்சி பார்த்தேன்," என்றார் வெடிக்காரர். சட்டைக்குள்ளிருந்து கயிறு கட்டிய விசிலை வெளியே எடுத்துக் காட்டினார். "நான் இன்னிக்கு ஒரு விசில்கூட அடிக்கலே சார். யாரைக் கேட்டு வாயைத் திறந்தீங்க?"

"என்ன உளர்றே?"

"தவளை கத்திக் கெடும். நீங்க சத்தமே போடாம கெட்டுட்டீங்க!"

"அண்ணே, உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?" ஊசி அவர் பக்கம் திரும்பினாள்.

"பதினொண்ணரைக்கு வெடிக்கும்னு தெரியும். வெச்சது யாருன்னுதான் தெரியாது. ரெண்டு மாசமாக் கிடங்குல குச்சி குறைஞ்சுக்கிட்டே வருது. வெளியில சொன்னா மொதல் விலங்கு என் கைக்குத்தான். அதான் வாயை மூடிக்கிட்டு நானே தேடினேன். இன்னிக்கு விடியக்காலையில ஏறி வந்தா, பதிவுக் குழி ஓரத்துல கல்லு புரண்டு கிடக்கு. தூக்கிப் பார்த்தேன். குச்சி, பேட்டரி, கடிகாரம்! பதினொண்ணரைக்கு முள்ளு வெச்சிருக்கு."

"அதைக் கழட்டிப் போட்டிருக்கலாமே!"

"அடுத்தவன் வெச்ச வெடியைத் தொடக்கூடாது. எங்க தொழில்ல மொதல் பாடம். ஒரே தடவைதான் மீறினேன்." மூன்று விரல் கையைத் தூக்கிக் காட்டினார். "அதனால பெட்டியை மட்டும் எடுத்துக்கிட்டு இறங்கினேன். மலை பிடிச்சுக்கிச்சு. இங்க ஓடி வந்தேன். பின்னாலேயே நீங்க ரெண்டு பேரும் வர்றீங்க. வெச்சவன் வெடிக்கு முன்னால வாயைத் திறப்பான். பழக்கம் விடாது! அதான் யாரு திறக்கறான்னு பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். நான் வாயைத் திறந்தா வெச்சவனுக்குச் சந்தேகம் வந்துடும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன். முப்பது வருஷத்துல இன்னிக்குத்தான் வாயை மூடி வெடி கேட்டிருக்கேன். காது போச்சு!"

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேண்ணே!"

"உன்னையும்தான் சந்தேகப்பட்டேன். அந்தக் குழிக்கு எப்பவும் போறவ நீதானே?"

"அடப்பாவி மனுஷா!"

"கிடங்குச் சாவி எப்பவும் என் இடுப்புல. லீவுல போறப்ப மட்டும் விதிப்படி ஒருத்தர் மேஜையிலதான் வெச்சுட்டுப் போவேன். அது யார் மேஜைன்னு அவரே சொல்லட்டும்."

டைரக்டர் ஓரடி முன்னால் வந்தார். பார்வை கான்வாஸ் பைமேல் நின்றது.

"பெட்டி… அதுலயா இருக்கு?"

வெடிக்காரர் பையைத் தட்டிக்கொடுத்தார். "பத்திரமா இருக்கு."

அடுத்த மூன்று நொடியில் நாலு காரியம் நடந்தது.

டைரக்டர் சுவரிலிருந்த முகமூடியையும் ஹெல்மெட்டையும் பிடுங்கினார். முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதோ, ஒரே உதை! வெடிக்காரர் சுருண்டு விழுந்தார். பை கைமாறியது. கதவு திறந்தது!

சாம்பல் அலையாய் உள்ளே கொட்டியது. கதவு மறுபடி அறைந்து சாத்தியது.

வெளியே 'க்ளாங்…!'

கொண்டியில் கம்பியைச் செருகிவிட்டார்.

ஊசி கதவை இடித்தாள். உதைத்தாள். அசையவில்லை.

"அண்ணே! வெளியில பூட்டிட்டான்! பெட்டியும் போச்சு… எல்லாம் போச்சு…" அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அக்காவிடம் என்ன சொல்வது? அதற்கு முதலில் அக்காவைப் பார்ப்போமா? குழாயில் சாம்பல் ஏறினால் இங்கே மூச்சு எத்தனை நேரம்?

வெடிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, உள்தாழ்ப்பாளை நிதானமாகப் போட்டார்.

"உள்ள எதுக்குண்ணே தாழ்ப்பாள்?"

"அவன் திரும்பி வருவான்."

"பெட்டி கிடைச்சப்புறம் ஏன் வரப்போறான்?"

"பையில இருக்கறது என் சாப்பாட்டு டப்பா. நேத்து டப்பா, கழுவக்கூட இல்லே." தாடையால் மரப்பெட்டியைக் காட்டினார். "நீ இத்தனை நேரம் உட்கார்ந்திருந்தது என்ன பெட்டின்னு நினைச்சே?"

ஊசி பாய்ந்துபோய் மூடியைத் தூக்கினாள். கிழிந்த கம்பளிக்கு நடுவில்… பதிவுப் பெட்டி!

அழுதுகொண்டே சிரித்தாள். அந்த நேரம் பார்த்து மலைக்கு மறுபடி கோபம் வந்தது.

திடும்… திடும்… திடும்! தேங்காயில்லை, இப்போது விழுந்ததெல்லாம் அம்மிக்கல்!

வெளியே ஓர் அலறல். கொண்டிக் கம்பியைப் பிடுங்குகிற சத்தம். கதவில் தடதடவென்று அடி.

"திற! கதவைத் திற! ஐயோ… ஊசி! தோள் போச்சு! எரியுது!"

வெடிக்காரர் கையைக் கட்டிக்கொண்டார்.

ஊசி கதவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு தாழ்ப்பாள். ஒரு விரல் நீளம். விட்டுவிட்டால் போதும், மலை பார்த்துக்கொள்ளும். அத்தானும் இப்படித்தானே கத்தியிருப்பார்? அவருக்கு யார் திறந்தார்கள்? சாகட்டும்! மனசு முழுக்கச் 'சாகட்டும்' என்றுதான் கத்தியது.

"திறங்கண்ணே."

"எதுக்கு? உங்க அத்தானைக் கொன்னவன்…"

"தெரியும். இவரும் வெளியில செத்துக் கிடந்தா ஊரு என்ன சொல்லும்? 'பாவம், மலை கொன்னுடுச்சு'ன்னு மாலை போடும். எங்க அத்தானுக்குக் கட்டின அதே பொய்! இவரு உயிரோட எங்க அக்கா முன்னாடி நிக்கணும். திறங்க!"

வெடிக்காரர் திறந்தார்.

டைரக்டர் மூட்டையாய் உள்ளே விழுந்தார். ஒரு தோள் தொங்கியது. கையெல்லாம் கொப்புளம். அந்த நிலையிலும் சாப்பாட்டு டப்பாவை விடவில்லை!

தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீரை எடுத்து அவர் கையில் ஊற்றினாள் ஊசி. ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஏன் சார்?"

டைரக்டர் டப்பாவைக் கீழே வைத்தார். பிறகு தரையைப் பார்த்துப் பேசினார்.

"நாப்பது வருஷம். இந்த மலை செத்துப்போச்சு, நிலையத்தைப் பூட்டுங்கன்னு ஆர்டர் வந்துச்சு. எனக்கு வேற என்ன இருக்கு? நாலு வெடி வெச்சேன். நடுக்கம்னு நம்பினாங்க. ஆர்டர் நின்னுச்சு. அவன் மட்டும் கண்டுபிடிச்சுட்டான்…"

"கயிறு?"

"அவன் தாண்டலே." குரல் உடைந்தது. "அவன் செத்தப்புறம் நான்தான் கயிறைப் பின்னால நகர்த்திக் கட்டினேன்."

கூரை மறுபடி அதிர்ந்தது.

"செத்துப்போச்சுன்னு சொன்ன மலை இப்போ நிஜமாவே முழிச்சிருச்சு. சந்தோஷமா சார்?"

ட்ர்ர்ரிங்…!

செத்த போன் உயிர் பெற்றது!

"அடியேய்! இருக்கியாடி? ஊர்க்காரங்க எல்லாம் இப்பத்தான் கிளம்பறாங்க. மூணு தடவை புலி வருதுன்னு ஓடவிட்டீங்க, நாலாவது தடவை நம்பமாட்டோம்னு உட்கார்ந்துட்டாங்க. கத்திக் கத்திக் கிளப்பினோம். அந்த வெடிக்காரன் உன்னை ஏதாவது…"

"அக்கா, ஆள் மாறிப்போச்சு. அதை நேர்ல வந்து சொல்றேன். இப்ப ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கோ." ஊசி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அத்தான் கயிறைத் தாண்டலே. அவர்மேல ஒரு தப்பும் இல்லேக்கா."

மறுமுனையில் அக்கா முதல்முறையாக வாய்விட்டு அழுதாள்.

*

மறுநாள் மதியம். போலீஸ் ஸ்டேஷன்.

மலை அடங்கியிருந்தது. ஊரில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. டைரக்டர் ஆஸ்பத்திரியில், கட்டிலோடு சேர்த்துப் போட்ட விலங்கோடு. பதிவுப் பெட்டி மேஜைமேல்; எதிரே ஊசியும் வெடிக்காரரும். அக்கா வெளியே பெஞ்சில் காத்திருந்தாள்.

இன்ஸ்பெக்டர் இரண்டு நாளாய்த் தூங்கவில்லை. கண் இரண்டும் மிளகாய்ப்பழம்.

"எல்லாம் எழுதிட்டேன். ஒண்ணுதான் புரியலே. வெறும் கொட்டாவியை வெச்சு எப்படிங்க ஆளைப் பிடிச்சீங்க?"

"அது ரொம்ப சுலபம் சார்," என்று ஆரம்பித்தாள் ஊசி.

இன்ஸ்பெக்டருக்கு அதற்குமேல் தாங்கவில்லை. நாற்காலியில் சாய்ந்தார். வாயை 'ஆஆஆ'வென்று திறந்தார்.

தடால்!

இன்ஸ்பெக்டர் கண்ணைத் திறந்தபோது எதிரே இரண்டு நாற்காலியும் காலி! குனிந்து பார்த்தார். மேஜைக்கடியில் இரண்டு பேரும் காதைப் பொத்திக்கொண்டு, வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தார்கள்.

"என்னய்யா ஆச்சு?!"

மேஜைக்கடியிலிருந்து வெடிக்காரரின் குரல் வந்தது.

"சார்… இனிமே கொட்டாவி வந்தா, தயவுசெஞ்சு மூணு விசில் அடிச்சுட்டு விடுங்க!"